பி.எஸ்.ஏ. 5.8: அப்பாவின் எண்ணும் மகனின் எண்ணும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 61 வயது அப்பாவுக்கு முழு உடல் பரிசோதனை செய்திருக்கிறீர்கள். மற்றவை எல்லாம் சரியாக இருக்க, புராஸ்டேட் சுரப்பியின் புரதமான பி.எஸ்.ஏ. மட்டும் 5.8 (ஒரு மி.லி.க்கு இத்தனை நானோகிராம்) என்று வந்து, பக்கத்தில் ‘அதிகம்’ என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. சிறுநீர் கழிப்பதில் பெரிய தொல்லை இல்லை என்கிறார். அவருடைய அண்ணன், உங்கள் பெரியப்பா, புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவி இறந்தவர். உடனே பயாப்ஸி (ஊசியால் சுரப்பியின் சதைத் துணுக்கை எடுத்துப் பார்ப்பது) செய்ய வேண்டுமா, இதைவிடத் துல்லியமான ரத்தப் பரிசோதனை உண்டா, 46 வயதாகும் நீங்களும் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில், உயிர்வேதியியல் பிரிவில், 28 ஆண்டுகள் வேலை பார்த்தவன். இப்படிப்பட்ட அறிக்கைகளில் நாள்தோறும் கையெழுத்திட்டவன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் அப்பாவை நேரில் பார்க்கும் சிறுநீரியல் மருத்துவர். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு நம்பலாம் என்பது மட்டும் என் துறை. அந்த அளவில் பதில் இது: இந்த வாரமே பயாப்ஸிக்கு ஓட வேண்டியதில்லை. சில வாரம் கழித்து, சில முன்னெச்சரிக்கைகளோடு, மறுபடி ரத்தம் கொடுக்கட்டும். அப்போதும் உயர்ந்தே இருந்தால் அடுத்தது எம்.ஆர்.ஐ. நீங்கள் பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்ள வேண்டிய வயது வந்துவிட்டது. இனி காரணங்களைச் சொல்கிறேன்.

புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. அது சுரக்கும் புரதங்களில் ஒன்றுதான் பி.எஸ்.ஏ. வெளிவந்த விந்து முதலில் கூழாக உறைகிறது. அந்த உறைவை வெட்டி நீர்மமாக்குவது இந்தப் புரதத்தின் வேலை. விந்தில் இது மில்லிகிராம் கணக்கில் இருக்கும். ரத்தத்தில் நானோகிராம் கணக்கில்தான் இருக்கும், அதாவது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சுரப்பிக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அவ்வளவு வலுவானது. அந்தத் தடுப்பு எங்கே சிதைந்தாலும் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. ஏறும். புற்றுநோய் சிதைக்கும். கிருமித் தொற்று சிதைக்கும். வயதாக ஆகச் சுரப்பி வீங்குவதாலும் கசிவு கூடும். ஆய்வகக் கருவிக்கு வந்து சேர்வது கசிந்த அளவு மட்டுமே. கசியவிட்டது எது என்பது அதற்குத் தெரியாது.

அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் மிங் சூ தலைமையிலான குழு 1979இல் இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தது. 1986இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தபோது, புற்றுநோய் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களைக் கண்காணிக்கத்தான் கொடுத்தது. அறுவை சிகிச்சையில் சுரப்பியையே எடுத்துவிட்ட பிறகு பி.எஸ்.ஏ. ஏறினால் நோய் திரும்பியிருக்கிறது என்று பொருள். அந்த வேலைக்கு இதைப்போல நம்பகமான ரத்தப் பரிசோதனை அரிது. நோயைக் கண்டுபிடிக்கவும் துணையாகப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி 1994இல்தான் வந்தது. 4ஐத் தாண்டினால் ‘அதிகம்’ என்று அச்சிடும் எல்லைக்கோடும் அந்தக் காலத்தில் நிலைபெற்றதுதான்.

அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பி.எஸ்.ஏ. 4ஐத் தாண்டாத, ஆசனவாய் வழியே சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் விரல் பரிசோதனையிலும் கோளாறு தெரியாத 2,950 ஆண்களுக்கு, எண் என்னவாக இருந்தாலும் சரி என்று பயாப்ஸி செய்து பார்த்தார்கள். அவர்களில் 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. 0.5க்கும் கீழே இருந்தவர்களிலும் 6.6 சதவீதம் பேருக்கு இருந்தது, 3.1 முதல் 4 வரை இருந்தவர்களில் கால்வாசிக்கு மேல். மறுபக்கத்தில், 4 முதல் 10 வரை பி.எஸ்.ஏ. இருப்பவர்களுக்குப் பயாப்ஸி செய்தால் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் தெரிகிறது. உங்கள் அப்பா நிற்கும் இடம் இதுதான். நால்வரில் மூவருக்கு ஊசி வீணாகிறது என்றும் சொல்லலாம், நால்வரில் ஒருவருக்கு நோய் இருக்கிறது என்றும் சொல்லலாம். பயந்தவர் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார், அலட்சியக்காரர் மற்றதைப் பிடித்துக்கொள்கிறார். உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் விவாதமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் இந்த எண்ணால் என்ன பயன்? இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த விடை ஸ்வீடன் நாட்டின் மால்மோ நகரிலிருந்து வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மால்மோவில் 1974இல் ஒரு தடுப்பு மருத்துவத் திட்டம் தொடங்கியது. அது முக்கியமாக இதய நோய் அபாயத்தைத் தேடுவதற்கான திட்டம். புராஸ்டேட்டை அப்போது யாரும் நினைக்கவில்லை. ஊரிலுள்ள நடுவயது ஆண்களை அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் வந்தார்கள். 21,000க்கும் மேற்பட்ட ஆண்கள் 50 வயதுக்குள் ரத்தம் கொடுத்தார்கள். ஒரு பகுதியை உறையவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். பல ஆண்டுகள் கழித்து, ஹான்ஸ் லில்யாவும் ஆண்ட்ரூ விக்கர்ஸும் சக ஆய்வாளர்களும் அந்தக் குழாய்களை வெளியே எடுத்து பி.எஸ்.ஏ. அளந்தார்கள். ஸ்வீடனில் யாருக்கு எப்போது புற்றுநோய் வந்தது, யார் எதனால் இறந்தார் என்பது நாட்டுப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஊரில் அப்போது பி.எஸ்.ஏ. பரிசோதனை வழக்கத்தில் இல்லாததால், எண்ணைப் பார்த்து யாருக்கும் முன்கூட்டியே சிகிச்சை கொடுத்திருக்கவில்லை. நோய் தன் இயல்பான போக்கில் போனது. இன்று அப்படி ஓர் ஆய்வை யாராலும் நடத்த முடியாது. பரிசோதனைக்கூடத்தில் ஆயுளைக் கழித்த எனக்கு, முப்பது ஆண்டு உறைந்திருந்த ஒரு சிறு குழாய் ரத்தம் அத்தனை மனிதர்களின் பின்வரலாற்றோடு பொருந்திப் போனதைப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

அதே ஊரில் 60 வயதில் ரத்தம் கொடுத்த 1,167 பேரையும் அவர்கள் 85 வயது வரை பின்தொடர்ந்தார்கள். 60 வயதில் பி.எஸ்.ஏ. 1 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அவர்கள் 85 வயதுக்குள் புராஸ்டேட் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 0.2 சதவீதம் மட்டுமே. 2க்கு மேல் இருந்தவர்கள் கால்வாசிப் பேர். இந்த நோயால் நிகழ்ந்த மரணங்களில் 90 சதவீதம் அந்தக் கால்வாசிக்குள்ளேயே நிகழ்ந்தது. அந்தக் கால்வாசியிலும் பெரும்பாலோர் இந்த நோயால் இறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு கணக்கு உங்கள் வயதுக்கானது. 45 முதல் 49 வயதுக்குள் ரத்தம் கொடுத்தவர்களில், பி.எஸ்.ஏ. மிக உயர்ந்திருந்த பத்தில் ஒரு பங்கு பேருக்கு எண் ஏறத்தாழ 1.6 அல்லது அதற்கு மேல் இருந்தது. பிற்காலத்தில் இந்த நோயால் நிகழ்ந்த மரணங்களில் 44 சதவீதம் அந்தப் பத்தில் ஒரு பங்கிலிருந்து வந்தது. 1.6 என்பதைச் சாதாரண அறிக்கையில் பார்த்தால் ‘இயல்பு’ என்றுதான் அச்சாகியிருக்கும். யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்குகளைப் படித்த நாளிலிருந்து இந்தப் பரிசோதனையை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. 65 வயதில் திடீரென எடுத்து, 4ஐத் தாண்டியதா என்று பார்ப்பது இதன் மிக மோசமான பயன்பாடு. சுரப்பி வீங்கத் தொடங்குவதற்கு முன்பே, நடுவயதில், ஒருமுறை எடுத்தால் அது வரப்போகும் இருபது முப்பது ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறது. யாரை அடிக்கடி பார்க்க வேண்டும், யாரைப் பல ஆண்டுகள் நிம்மதியாக விட்டுவிடலாம் என்று பிரித்துக் கொடுக்கிறது.

இனி அப்பாவின் 5.8. மால்மோ கணக்குப்படி அவர் கவனிக்க வேண்டிய கால்வாசியில் இருக்கிறார். அண்ணனுக்கு இந்த நோய் இருந்ததால் அவருடைய அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு. எனவே ‘வயசானால் அப்படித்தான்’ என்று அறிக்கையை மடித்து வைத்துவிடக் கூடாது. அதே வேளையில், ஒரே ஒரு எண்ணை வைத்து எதையும் தொடங்கவும் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையாக ஐந்து முறை ரத்தம் எடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒருமுறை 4ஐத் தாண்டியவர்களில் 44 சதவீதம் பேருக்குப் பின்னர் எடுத்தபோது இயல்புக்குத் திரும்பியிருந்தது. எந்தச் சிகிச்சையும் இல்லாமலே.

மறுபடி கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை உண்டு. சிறுநீர்த் தொற்று இருந்ததா என்று சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருந்தால், அது குணமாகி ஆறு வாரமாவது போகட்டும். தொற்றால் பி.எஸ்.ஏ. பல மடங்கு ஏறக்கூடும், இறங்க நாளாகும். ரத்தம் எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்திய உறவும் நீண்ட நேரம் சைக்கிள் ஓட்டுவதும் வேண்டாம். அப்பாவிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரைச் சொல்லவையுங்கள், சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். வெறும் வயிற்றில் போக வேண்டிய அவசியம் இல்லை.

அதைவிட முக்கியம் மாத்திரை. சிறுநீர் எளிதாகப் போவதற்கென்று டாம்சுலோசினும் டூடாஸ்டிரைடும் சேர்ந்த மாத்திரையைப் பல பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். ‘பெரிய தொல்லை இல்லை’ என்று அப்பா சொல்வதற்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். டூடாஸ்டிரைடு, ஃபினாஸ்டிரைடு இரண்டுமே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பி.எஸ்.ஏ.வை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். அவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த 5.8ஐ இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். அப்போது பேச்சே வேறு. மாத்திரை அட்டையை நீங்களே எடுத்துப் பாருங்கள். முடி உதிர்வுக்கும் ஃபினாஸ்டிரைடு கொடுக்கிறார்கள். குறைந்த அளவுதான் என்றாலும் அதுவும் பி.எஸ்.ஏ.வைக் குறைக்கும். இது உங்களுக்கும் பொருந்தலாம். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை அதிக அளவில் சாப்பிடுபவர்களுக்குச் சில கருவிகளில் பி.எஸ்.ஏ. உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சில நாள் முன்பே நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும்.

முதல் முறை கொடுத்த அதே பரிசோதனைக்கூடத்தில் கொடுங்கள். கருவிகளை அளவு திருத்தப் பயன்படும் தரப்பொருள்கள் ஒன்றல்ல. ஒரே ரத்தத்தை இரண்டு இடங்களில் கொடுத்தால், இருவரும் ஒழுங்காகவே வேலை செய்திருந்தாலும், 20 சதவீதம் வரை எண் வேறுபடலாம். இங்கே 5.8, அங்கே 4.7 என்று வந்ததும் ‘இறங்கிவிட்டது’ என்று நிம்மதியடைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இறங்கியது எதுவும் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதைவிடத் துல்லியமான ரத்தப் பரிசோதனைகள் உண்டு. அவற்றில் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது ஃப்ரீ பி.எஸ்.ஏ. ரத்தத்துக்குள் வந்த பி.எஸ்.ஏ.வில் பெரும்பகுதி வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாமல் மிதப்பது ஃப்ரீ. புற்றுநோய் உள்ளவர்களிடம் இந்த ஒட்டாத பங்கு குறைவாக இருக்கும் என்பது 1991வாக்கில் தெரியவந்தது. 4 முதல் 10 வரை பி.எஸ்.ஏ. உள்ளவர்களில், ஃப்ரீயின் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல்; 25 சதவீதத்துக்கு மேல் என்றால் 8 சதவீதம்தான். இடையில் விழுந்தால் பெரிதாகத் தெளிவு கிடைக்காது. பலரும் இடையில்தான் விழுகிறார்கள்.

ஃப்ரீ பி.எஸ்.ஏ.வில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆய்வகத்துக்கு வெளியே இதைப் பேசுவோர் குறைவு. அது எளிதில் கெட்டுப்போகும். எடுத்த ரத்தத்திலிருந்து சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் தெளியும் நீரை, சில மணி நேரத்துக்குள் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, நாள் முழுதும் வெயிலில் சுற்றிவிட்டு மாலையில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால், மொத்த பி.எஸ்.ஏ. அவ்வளவாக மாறாது, ஃப்ரீ மட்டும் தேய்ந்துபோயிருக்கும். பங்கு குறைந்து தெரியும், புற்றுநோய் என்ற சந்தேகம் பொய்யாக எழும். எனவே இந்தப் பரிசோதனைக்கு அப்பாவை ஆய்வகத்துக்கே நேரில் அழைத்துப் போங்கள். அங்கேயே கருவி இருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள்.

பி.எச்.ஐ. என்று ஒன்று உண்டு. மொத்தம், ஃப்ரீ, அதோடு பி.எஸ்.ஏ.வின் முன்வடிவம் ஒன்று என மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்றது. 4கே ஸ்கோர் என்பது நான்கு புரதங்களோடு வயது, விரல் பரிசோதனை முடிவு, முந்தைய பயாப்ஸி விவரம் ஆகியவற்றையும் சேர்க்கிறது. மால்மோ ரத்தத்தை ஆராய்ந்த லில்யாவும் விக்கர்ஸும் இதன் பின்னணி ஆய்விலும் இருக்கிறார்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம்-3 பரிசோதனை புரதங்களோடு நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளையும் கணக்கில் சேர்க்கிறது. பயாப்ஸிகளின் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்க முடியும் என்று 2015இல் காட்டினார்கள். மூன்றும் நல்ல பரிசோதனைகள். ஏதோ ஒரு புற்றுநோய் இருக்கிறதா என்று கேட்காமல், ஆளைக் கொல்லக்கூடிய வகைப் புற்றுநோய் இருக்கிறதா என்று கேட்பதில் பி.எஸ்.ஏ.வைவிட மேல் என்பது இவற்றின் பெருமை. ஆனால் உங்கள் ஊரில் இவை கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். இரண்டாவது பி.எஸ்.ஏ.வும் உயர்ந்திருந்தால், அந்தப் பணத்தை நல்ல எம்.ஆர்.ஐ.க்குச் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து.

எம்.ஆர்.ஐ. இரண்டு வேலை செய்யும். சந்தேகப் பகுதி இருந்தால் காட்டும்; ஊசியை அந்த இடத்தில் குறிவைத்துப் போடலாம். அதோடு சுரப்பியின் கன அளவையும் சொல்லும். 5.8ஐ அந்த அளவால் வகுத்துப் பாருங்கள். சுரப்பி 60 மி.லி. என்றால் விடை 0.1க்குக் கீழே, பெரிய சுரப்பி, அதற்கேற்ற கசிவு. சுரப்பி 28 மி.லி. என்றால் விடை 0.2, சின்னச் சுரப்பி இவ்வளவு கசியவிடக் கூடாது. 0.15ஐ எல்லையாகக் கொள்வது வழக்கம். எந்தப் புதிய கருவியும் இல்லாமல், ஒரு வகுத்தல் கணக்கில், ரத்த எண்ணுக்கு இவ்வளவு தெளிவு கிடைக்கிறது. மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

பயாப்ஸி தேவைப்பட்டு, அதில் புற்றுநோய் என்று வந்தாலும், அன்றே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டும் என்பதில்லை. கிளீசன் 6 என்ற மிகக் குறைந்த தரத்தில் இருந்தால், வெட்டாமல் கண்காணித்து வருவதே இப்போது பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. பிரிட்டனில், நோய் சுரப்பிக்கு வெளியே பரவாத 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து 15 ஆண்டு பார்த்தார்கள். எந்தப் பிரிவானாலும் இந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீத அளவில்தான். சிகிச்சையால் வரும் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் உண்மையான இழப்புகள். இந்த இழப்பை நினைத்துத்தான் பி.எஸ்.ஏ.வை எல்லோருக்கும் எடுப்பதை எதிர்க்கும் மருத்துவர்கள் எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவில் 1993இல் தொடங்கிய பெரிய ஆய்வின் 23 ஆண்டு முடிவு 2025இல் வந்தது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்த நோயால் வரும் மரணம் 13 சதவீதம் குறைந்தது, ஒரு மரணத்தைத் தடுக்க 456 பேரை அழைக்கவும், கூடுதலாக 12 பேருக்கு நோய் என்று கண்டறியவும் வேண்டியிருந்தது. அந்தப் பன்னிருவரில் எத்தனை பேரை வெட்டாமல் கண்காணிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பரிசோதனை நன்மையா தீமையா என்பது அமைகிறது.

உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் ‘புற்றுநோய் குறியீடுகள்’ என்று ஏழெட்டைச் சேர்த்து விற்கிறார்கள். அறிகுறி இல்லாத ஆணுக்குப் புராஸ்டேட்டைப் பொறுத்தவரை அவற்றில் பி.எஸ்.ஏ. தவிர வேறெதற்கும் வேலை இல்லை. ஒரே ரத்தத்தில் பல புற்றுநோய்களைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் புதிய டி.என்.ஏ. பரிசோதனைகளும் ஆரம்பநிலைப் புராஸ்டேட் புற்றுநோயைப் பெரும்பாலும் தவறவிடுகின்றன. அந்த நிலையில் கட்டி ரத்தத்தில் விடும் டி.என்.ஏ. மிகக் குறைவு.

இனி நீங்கள். 46 வயது, இந்தப் பரிசோதனைக்குப் பொருத்தமான வயது. ஒருமுறை எடுங்கள். உங்கள் வயதில் நடுமட்டம் 0.7 அளவில் இருக்கும். அதற்குக் கீழே என்றால் பல ஆண்டுகளுக்கு இதை மறந்துவிடலாம். 1.6ஐ நெருங்கினாலோ தாண்டினாலோ, அறிக்கையில் ‘இயல்பு’ என்று இருந்தாலும், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று உறுதியானால் உங்கள் கணக்கும் மாறும். பெரியப்பாவைவிட அப்பா உங்களுக்கு நெருங்கிய ரத்தம்.

இன்னொரு ரத்தப் பரிசோதனையைக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. பெரியப்பாவுக்கு நோய் எலும்புக்குப் பரவியிருந்தது என்றீர்கள். அப்படிப் பரவிய நோயுள்ள 692 ஆண்களை ஆராய்ந்தபோது, அவர்களில் 11.8 சதவீதம் பேருக்கு டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவியிலேயே கோளாறு இருந்தது. அவற்றில் முதலிடம் பி.ஆர்.சி.ஏ.2வுக்கு. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயையும் சினைப்பைப் புற்றுநோயையும் தருவதும் இதே மரபணுதான். ஆண்களுக்கு இது இளவயதிலும் வேகமாகவும் நோயைத் தரும். இந்தக் கோளாறு குடும்பத்தில் இருந்தால் 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும், உங்கள் அக்கா தங்கைகளுக்கும் அவர்களுக்கேற்ற கண்காணிப்பு தேவை.

இதைக் கண்டுபிடிக்கும் முதல் படிக்குச் செலவு எதுவும் இல்லை. அப்பாவின் உடன்பிறந்த அத்தைமார் இருந்தால் அவர்களிடம் பேசுங்கள். பாட்டி எதனால் இறந்தார், அவருடைய அக்கா தங்கைகள் யாருக்காவது மார்பில் கட்டி இருந்ததா, வயிறு வீங்கி இறந்தவர் உண்டா, எந்த வயதில் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அந்தக் காலத்தில் ‘கட்டி’, ‘வயிற்றுநோய்’ என்றே சொல்லியிருப்பார்கள். புற்றுநோய் என்ற சொல்லை வைத்துக் கேட்டால் பதில் கிடைக்காமல் போகலாம். பெரியம்மாவிடம் பெரியப்பாவின் பழைய மருத்துவக் கோப்பு இருந்தால், பயாப்ஸி அறிக்கையை மட்டுமாவது வாங்கி வையுங்கள். இரண்டாவது பி.எஸ்.ஏ. அறிக்கையோடு, அந்தத் தாளையும் அந்தக் கோப்பையும் அப்பாவின் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.